கருவாட்டுக் கடைத் தளத்தில் ரம்மி இணைப்புகள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரி நான்காவது கடிதம்

அனுப்புநர்:
கருவாட்டுக் கடை உரிமையாளர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
தேடல் தரவரிசைச் சேவை நிறுவனம்,
மதுரை.

பொருள்: நீங்கள் செய்த இணைப்புப் பரிமாற்றத்தால் எங்கள் தளம் கூகுள் தேடலில் பின்னுக்குப் போனது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய மூன்று மின்னஞ்சல்களுக்கும் "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது. பதிவு செய்தவர் படிக்கவும் செய்யலாம் அல்லவா? அதனால் இம்முறை தபாலிலும் அனுப்புகிறேன்.

ஆண்டுச் சந்தா 36,000 ரூபாயை இரண்டு தவணையாகக் கட்டினேன். அப்போது "ராமநாதபுரம் நெத்திலிக் கருவாடு" என்று தேடினால் எங்கள் கடை முதல் பக்கத்தில் மூன்றாவதாக வரும். முதலிடத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னீர்கள். இன்று ஐந்தாம் பக்கத்தில் கிடக்கிறது. ஐந்தாம் பக்கம் வரை யார் போய்ப் பார்ப்பார்கள்?

காரணம் கேட்டபோது உங்கள் சேவைப் பிரிவுத் தம்பி, "தடைக்காலம் அம்மா, அதனால்தான் ஆர்டர் இல்லை" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், கருவாட்டுக்கு அல்ல. பச்சை மீன் குறையும் அந்த இரண்டு மாதத்தில்தான் எங்களுக்கு வியாபாரமே. இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, "கருவாட்டுக் கடைக்கு இதற்கு மேல் யார் வருவார்கள்?" என்று கேட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. அவர் வாங்கும் சம்பளத்தில் கருவாட்டுப் பணமும் இருக்கிறது என்பதை யாராவது அவரிடம் சொல்லுங்கள்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். திருப்பூரிலிருந்து பல ஆண்டுகளாக வாங்கும் ஒரு பெரியவர் போன் செய்து, "உங்கள் பக்கத்தில் ரம்மி விளையாடச் சொல்கிறதே, கடையை விற்றுவிட்டீர்களா?" என்றார். பார்த்தால், தளத்தின் அடியில் "நண்பர்கள்" என்று ஒரு பக்கம். அதில் 214 இணைப்புகள். ரம்மி, உடனடிக் கடன், முடி மாற்று சிகிச்சை, எந்த நாடு என்றே தெரியாத ஒரு சோபாக் கடை. நெத்திலிப் படத்துக்குக் கீழே சோபா! அந்தத் தளங்களிலெல்லாம் எங்கள் கடைக்கும் இதே போல ஒரு வரி இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாததா? மொய் எழுதினால் திருப்பி எழுதுவது ஊர் வழக்கம். அதைக் கூகுளிடமும் செய்யலாம் என்று நினைத்தீர்களோ என்னவோ. ஒரு தளம் இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுப்பதைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டுதான் 1998-இல் கூகுளே தொடங்கியது. பிறகு தளம் வைத்திருப்பவர்கள் பரிந்துரையைப் பேரம் பேசி வாங்க ஆரம்பித்தார்கள். 2012 ஏப்ரலில் கூகுள்காரர்கள் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அதை ஒடுக்கினார்கள். "நீ எனக்கு இணைப்புக் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன்" என்று அளவுக்கு மீறிச் செய்வதை அவர்களுடைய விதிகளிலேயே முறைகேடு என்று எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் ஒரே மாலையில் கண்டுபிடித்தது. நீங்கள் தொழிலாகவே செய்கிறவர்கள்.

பரிமாற்றமே தப்பு என்று நான் சொல்லவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் முண்டு மிளகாய் விற்பவர் தளத்தில் எங்கள் பெயர் இருக்கிறது, எங்கள் தளத்தில் அவர் பெயர் இருக்கிறது. கருவாட்டுக் குழம்பு வைப்பவருக்கு இரண்டும் வேண்டும். சோபா எதற்கு?

தேடலில் தளத்தின் நிலையைக் கூகுள் தெரிவிக்கும் சர்ச் கன்சோல் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் தொடங்கி வைத்துக்கொண்டீர்கள். இரண்டு மாதம் கெஞ்சிய பிறகுதான் திறந்து காட்டினீர்கள். எங்கள் தளத்திலிருந்து இயல்புக்கு மாறான இணைப்புகள் போகின்றன, அதனால் நடவடிக்கை எடுத்திருக்கிறோம் என்ற கூகுளின் அறிவிப்பு பிப்ரவரியிலிருந்து அங்கே படிக்கப்படாமல் கிடந்தது. அதைத் தெரிந்துகொண்டே என்னிடம் தடைக்காலக் கதை சொன்னீர்களா?

மதுரைக்கு வந்த நாளை மறக்க மாட்டேன். விடியற்காலை நான்கு மணி பஸ். உங்கள் ஆட்களுக்குக் கொடுக்கலாம் என்று அரைக் கிலோ நெத்திலி வேறு கட்டி எடுத்து வந்தேன். "பையை வெளியே வையுங்கள், வாடை வருகிறது" என்றார்கள். மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார் என்று மாலை நான்கு மணி வரை மாடிப்படியில் உட்கார வைத்தார்கள். கடைசியில் வந்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை. 9,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் இணைப்பை மூன்று தளங்கள் வழியாகச் சுற்றிவிட்டு, பரிமாற்றம் என்றே தெரியாமல் செய்யலாம் என்றார். திருடியது போதாதென்று தடயத்தை அழிக்கவும் கூலி! நெத்திலியைக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்தான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர்.

மாதம் நாற்பது ஆர்டர் வந்த இடத்தில் இப்போது ஒன்பது. மூன்று தலைமுறைத் தொழில் உங்களால் மண்ணாகிவிட்டது. ஐந்து லட்ச ரூபாய் கேட்டாலும் தகும். கேட்கவில்லை.

தயவுசெய்து இவற்றை மட்டும் செய்யுங்கள். "நண்பர்கள்" பக்கத்தை அடியோடு நீக்குங்கள். எங்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் அந்தத் தளங்களுக்கு எழுதி எடுக்கச் சொல்லுங்கள். எடுக்காதவற்றை, இந்த இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் புறக்கணிப்புப் பட்டியலில் சேருங்கள். பிறகு நடவடிக்கையை நீக்கச் சொல்லிக் கூகுளுக்கு மறுபரிசீலனை விண்ணப்பம் போட்டு, நகலை எனக்கு அனுப்புங்கள். சர்ச் கன்சோல் கணக்கை என் பெயருக்கு மாற்றுங்கள். 36,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்.

பதினைந்து நாள் பொறுப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அங்கே போக எனக்கு ஒரு மணி நேரம்தான். நீங்கள்தான் மதுரையிலிருந்து வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர், மண்டபம்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது இரண்டு, "நண்பர்கள்" பக்கத்தின் அச்சு நகல், மதுரைக்கு வந்துபோன பஸ் டிக்கெட்டுகள்.