ஹாஃப் சாப்ஸ் வாங்குமுன்ன உள்பக்கத்த தடவிப் பாரு மக்கா

மக்கா,

உன் கடிதம் கெடச்சுது. வீட்ல எல்லாரும் சொகம்னு கேட்டதுல ரொம்ப சந்தோசம், அதுலயும் உன் மவ குதிரை ஏறப் படிக்கான்னு எழுதியிருந்தியே, அந்த எடத்த நான் திரும்பத் திரும்ப வாசிச்சேன். வீட்டுக்காரிட்டயும் வாசிச்சுக் காட்டினேன். இங்க ஆடிக்காத்து தொடங்கியாச்சு, ஆரல்வாய்மொழி பக்கம் பைக்குல போனா ஆளத் தள்ளுது. மழை விட்டுவிட்டுப் பெய்யுது, கன்னிப்பூ நெல்லு இந்தத் தடவ கொள்ளாம். அம்மைக்குக் கால்ல நீர் எறங்கி இப்ப பைய நடக்கா. தக்கலைல நம்மகூட படிச்சவன் மவனுக்கு ஆவணில கல்யாணம், உனக்கும் பத்திரிகை வரும் பாத்துக்கோ.

சரி நீ கேட்ட காரியத்துக்கு வாறேன். சேடில், அதான் குதிரைச் சேணம், வாங்கியாச்சு, அதும் இளம்பழுப்பு கலர்ல கன்னுக்குட்டித் தோலு போத்துனது, குதிரை ஓட்டும்போது பூட்ஸுக்கு மேல கெண்டைக்கால்ல சுத்திப் போடுத ஹாஃப் சாப்ஸ் கோயம்புத்தூர்ல எது வாங்கினா அதுல கோடு விழாதுன்னு கேட்டிருக்க. நெறய பேரு சேடில் பாழான பொறவுதான் இதக் கேப்பானுவ, நீ முன்னாலயே கேட்டது நல்லதாப் போச்சு. கன்னுக்குட்டித் தோல் உக்காரவும் பிடிக்கவும் அத்தன சொகமா இருக்கும், ஆனா சீக்கிரம் கீறல் விழும்.

கடைல எல்லாரும் சாப்ஸோட வெளிப்பக்கத்ததான் பாப்பாங்க. தையல் டிசைன், பளபளன்னு பக்கிள், பேரு பதிச்ச வில்லை. சேடில்ல படுறது அதில்ல மக்கா, உள்பக்கம். கணுக்கால்ல இருந்து முட்டுக்குக் கீழ வரைக்கும், குதிரையப் பாத்து இருக்குத அந்த ஒரு துண்டுத் தோலுதான் ஃப்ளாப் மேல, அதான் சேடில்ல ரெண்டு பக்கமும் தொங்குத தோலு மேல, நாள் பூரா ஒரசிட்டே இருக்கும். அதுமேல கைய வச்சு கீழ இருந்து மேல தடவு, பொறவு மேல இருந்து கீழ. தையல் மேடு, ரிவிட், எழுத்து, தடிச்ச விளிம்பு, எது கைல தட்டினாலும் அந்த ஜோடிய திருப்பிக் குடுத்துரு. ஜிப்பு கண்டிப்பா வெளிப்பக்கமா இல்லன்னா பின்னாலயா இருக்கணும், மேல கெட்டுத பட்டனும் அப்பிடித்தான்.

ஜிப்பு வெளிப்பக்கமா இருந்தாலும் மாத்திப் போட்டா என்ன ஆவும்னு கேளு. சங்குத்துறை பீச்சுல ஒரு பையன் வந்தான், நம்ம குதிரைல ஏறிப் பாக்கட்டுமான்னு ஆசையா கேட்டான், நானும் என் சாப்ஸயும் குடுத்து ஏத்திவிட்டேன். எறங்கின பொறவு பாத்தா வலது காலுக்குள்ளத இடதுலயும் இடதுக்குள்ளத வலதுலயும் போட்டிருக்கான், ஜிப்பு ரெண்டும் உள்ள திரும்பிக் கெடக்கு. ஃப்ளாப்புல கெண்டைக்கால் படுற எடத்துல அரைவட்டமா கோடு, ரெண்டு பக்கமும், கிட்டப் போயி பாத்தா ஜிப்போட பல்லு ஒவ்வொண்ணும் தனித்தனியா பதிஞ்சிருக்கு. தோலோட மேல்பரப்பு வெட்டுப்பட்டா வெட்டுப்பட்டதுதான், எண்ணெ போட்டா நெறம் கொஞ்சம் மங்கும், கோடு போவாது. அதனால வாங்கின அண்ணைக்கே உள்ள மார்க்கர் பேனாவால வலது இடதுன்னு எழுதி வச்சிரு, கொச்சுப் பிள்ளேளு அவசரத்துல மாத்தித்தான் போடும்.

வெல்க்ரோ வச்சது வாங்காத. வெல வாசியா இருக்கும், வாங்கத் தோணும். ஆனா பாப்பா வளருத பிள்ள, கெண்டைக்கால் கொஞ்சம் தடிச்சா ரெண்டு பட்டையும் முழுசா மூடாம அந்த முள்ளுப்பக்கம் ஒரு விரக்கட வெளிய நிக்கும், அது தோல்ல ராவிட்டே இருக்கும். ஜிப்பு ஓரமா எலாஸ்டிக் பட்டை ஓடுதது பாத்து எடு, இழுத்துக் குடுக்கும், இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

இப்ப ஸ்வேடா, அதான் பஞ்சு மாதிரி நார் நாரா இருக்குத தோலா, இல்ல வழவழன்னு உள்ள தோலான்னு கேட்டியே. ஸ்வேடு நல்லா பிடிக்கும், புதுசா படிக்கவங்களுக்கு கால் வழுக்காது, சேடிலுக்கும் மெத்துன்னுதான் இருக்கும். ரெண்டே பயம். ஒண்ணு சாயம். கறுப்பு ஸ்வேடு வேர்வைலயும் மழையிலயும் நனைஞ்சா இளம்பழுப்பு சேடில்ல சாயம் ஏறிரும், பொறவு என்ன தேச்சாலும் முழுசா எறங்காது. பழைய வெள்ள வேட்டித் துணிய நனச்சுப் பிழிஞ்சு சாப்ஸ்ல அழுத்தித் தேச்சுப் பாரு, துணில கலர் வந்தா சேடில்லயும் வரும். இன்னொண்ணு மணலு. ஸ்வேடோட நாருக்குள்ள மணலு போயி உக்காந்துக்கிடும். எங்களுக்கு இது பெரிய பாடு, ஏன்னா மணவாளக்குறிச்சி பக்கத்து மணல்ல கார்னெட் கெடக்குல்லா, உப்புத்தாள் செய்யவும் அந்தக் கல்லு ஆவும், அது சாப்ஸுக்கும் சேடிலுக்கும் நடுவுல மாட்டினா என்ன செய்யும்னு நீயே நெனச்சுப் பாரு. உங்க ஊர்லயும் ஓட்டுத எடத்துல மணல்தானே போட்டிருப்பாங்க. அதனால உன் சேடிலுக்கு நான் சொல்லுதது சேடில் நெறத்துலயே வழவழப்பான தோலு, உள்பக்கம் ஒத்தத் துண்டா வெட்டினது. சிலிகான் பொட்டு பொட்டா ஒட்டினது வேண்டாம், பிடிக்கும்தான், ஆனா ஃப்ளாப்போட பாலிஷ இழுத்துட்டு வந்துருமோன்னு எனக்கு மனசு வராது.

அளவு எடுக்கும்போது பிள்ளைய நிக்க வச்சு எடுக்காத. ஓட்டும்போது போடுத பேன்டும் பூட்ஸும் போட்டு, நாக்காலில முட்டு மடக்கி உக்கார வச்சு, கெண்டைக்கால்ல நல்லா தடிச்ச எடத்துல சுத்தளவு எடு, தரைல இருந்து முட்டுமடக்கு வரைக்கும் ஒயரம் எடு. தோலு பழகப் பழக கணுக்கால்ட்ட மடிஞ்சு எறங்கும், அதுக்காக புதுசுல கொஞ்சம் ஒயரமா இருக்கட்டும். குட்டையா வாங்கினா அதோட மேல்விளிம்பு ஃப்ளாப்போட அடிவிளிம்புல போயி மாட்டும், பிள்ளைக்குக் கால் நெலயா நிக்காது, ரெண்டு பக்கத் தோலும் பிஞ்சிரும். இத ஒருத்தரும் சொல்லித் தர மாட்டாங்க, கேட்டியா.

எங்க வாங்கன்னா, டெக்கத்லான்ல ஃபூகான்சான்னு அவங்க குதிரைச் சாமான் இருக்கும், போட்டுப் பாத்து வாங்கலாம், அது ஒரு சௌரியம். கான்பூர்ல செய்யுத தோல் சாமானும் நல்லா இருக்கும், சேணத்துக்குப் பேரெடுத்த ஊரு, வெளிநாட்டுக்கே அங்க இருந்துதான் போவுது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கு. ஆனா எந்தப் பேரா இருந்தாலும் உள்பக்கத்த தடவிப் பாக்காம எடுக்காத.

வாங்கின பொறவு வேல ரொம்ப இல்ல. ஏறுததுக்கு முன்ன ரெண்டு சாப்ஸோட உள்பக்கத்தயும் ஃப்ளாப்பையும் துணியால ஒரு தட்டு தட்டச் சொல்லு. எறங்கின ஒடனே ஈரத்துணியால வேர்வையத் தொடைக்கணும், ஸ்வேடுன்னா ஈரம் கூடாது, பிரஷ் மட்டும். சேடில் சோப்பு எப்பமாவது போதும். அம்மா பாசத்துல தேங்கா எண்ணெ தேச்சு வைப்பாங்க, விடாத, தோல் கறுத்து தொளதொளன்னு ஆவும், அந்த எண்ணெ சேடில்லயும் போயி அப்பும். நனைஞ்சா நெழல்ல காய வை, வெயில்ல போட்டா விறச்சிரும். பிளாஸ்டிக் கவர்ல கெட்டி வைக்கவே கூடாது, எங்க ஊர்ல ஆனி ஆடிலயும் ஐப்பசி காத்தியலயும் ரெண்டு மழைக்கும் அப்பிடி வச்சா பச்சப் பூசணம் ஏறிரும்.

இன்னொரு காரியமும் கெடக்கு. பாப்பாவோட கால் இப்ப ஆடும், புதுசுல எல்லாருக்கும் ஆடத்தான் செய்யும், எவ்வளவு நல்ல சாப்ஸ் போட்டாலும் ஆடுத காலு தோலத் தேய்க்கும். அதுக்காக பிள்ளைய திட்டாத மக்கா, கால் நெலைக்க நாளாவும். கால் வைக்குத ஸ்டிரப்ப தொங்கவிடுத வார் படுத எடத்துலயும் ஃப்ளாப் தானா தேயும், அது சாப்ஸ் செஞ்சதில்ல.

ரெண்டு மூணு ஜோடி பாத்து வச்சன்னா உள்பக்கத்த நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்பு, நான் பாத்துச் சொல்லுதேன். ஓணத்துக்கு லீவு கெடச்சா பிள்ளையளயும் கூட்டிட்டு வா, நம்ம குதிரை சாது, காலைல வெயிலுக்கு முன்ன பாப்பா கொஞ்ச நேரம் ஓட்டலாம், அவ கால் எப்பிடி நிக்குதுன்னு நானும் பாப்பேன்.

அம்மைய கேட்டதா சொல்லு.

உன் கூட்டுக்காரன்,
நாகர்கோவில்