மகிஷனின் சாய்வு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வாடைக்காற்று வலுத்துவிட்டது, மூன்று நாளாக வள்ளம் கரையில்தான் கிடக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுத முடிகிறது.

வரைகிற போர்க் காட்சியில் சாமி வந்துவிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்துவிடுமே, அப்புறம் பார்க்க என்ன இருக்கிறது என்று போனில் கேட்டாய். அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் மாமல்லபுரத்து மகிஷமர்த்தினி குகையில் உன்னோடு நின்றது மனசிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் தேவிபட்டினத்துச் சக்கர தீர்த்தத்தில்தான் எருமைத்தலை அசுரன் மகிஷன் ஒளிந்தான், இங்கேதான் தேவி அவனை முடித்தாள் என்று உன் அப்பத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால் அந்தக் கல்லில் அவன் செத்துக் கிடப்பான் என்று நினைத்துத்தான் உள்ளே வந்தேன். அவனோ முழு ஆளாக நிற்கிறான், ஆத்தா! தேவியைவிட உடம்பு பெரிது. இரண்டு கையாலும் கதாயுதத்தைப் பிடித்திருக்கிறான், தலைக்கு மேல் ராஜா குடைகூட இருக்கிறது. தேவி சிங்கத்தின் மேல் எட்டுக் கையோடு வில்லை இழுத்தபடி வருகிறாள். முகத்தில் கோபமே இல்லை.

ஆனால் அவன் உடம்பைப் பார். பின்பக்கமாகச் சாய்கிறது. அடி விழுவதற்கு முன்பே சாய்ந்துவிட்டான். காற்றை யார் கண்ணால் பார்த்தது? பாய் சாய்வதை வைத்துத்தானே தாத்தா காலத்தில் காற்றின் பலத்தைச் சொன்னார்கள்? 1,300 வருஷத்துக்கு முன்னால் அந்தப் பல்லவச் சிற்பி தேவியின் சக்தியை அசுரனின் இடுப்பில் செதுக்கி வைத்திருக்கிறான். சோழர் கோயில்களில் எருமைத் தலைமேல் நிற்கும் துர்க்கையையும் கும்பிடுகிறேன், ஆனால் அங்கே சண்டை முடிந்துபோயிருக்கும். இங்கேதான் அது நம் கண்முன் திரும்புகிறது.

நீ வரையும்போது சாமிக்கு ஒளிவட்டம் போடுவதற்கு முன்னால் எதிரியின் காலை வரைந்து பார்.

பொங்கலுக்கு வருவாய்தானே? ராமநாதபுரம் அரண்மனைக்குப் போகலாம். அங்கே இராமலிங்க விலாச மண்டபத்துச் சுவர் ஓவியத்தில் ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கும் தஞ்சாவூர் மராட்டியருக்கும் நடந்த சண்டையும் இருக்கிறது, ராஜராஜேஸ்வரி சேதுபதிக்குச் செங்கோல் தருவதும் இருக்கிறது. அங்கே யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று உன்னோடு நின்று பார்க்க வேண்டும். அம்மா கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள்.

அப்பா