பெருங்காயத்துக்குள் கோதுமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி விருந்துக் குறிப்புகளில், கோதுமை ஆகாதவர்கள் அரிசிப் பலகாரங்களைத் தயங்காமல் சாப்பிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோயாளிகள் இதை நம்பினால் வயிறு கெடும். முறுக்கிலும் தட்டையிலும் பெருங்காயம் சேர்கிறது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ கலந்தது. தூளில்தான் கலப்பு, கட்டி சுத்தம் என்பதும் தவறு. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்கிறது. அட்டையைப் படித்து அதைத்தான் வாங்க வேண்டும்.

ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும் என்பார்கள். ஐந்து கிலோ சாம்பாருக்கு மூன்று கிராம் பெருங்காயம் போட்டு, அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குளூட்டன், அதாவது 150 மில்லிகிராம். கிலோவுக்கு 30 வருகிறது. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிப்பது கிலோவுக்கு 20 மட்டுமே.

அடுத்தது மாவு மில். முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால் நம் அரிசி மாவோடு அதுவும் சேர்ந்து வரும். வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதே நல்லது; சல்லடையும் கோதுமை படாததாக இருக்க வேண்டும். பூரி பொரித்த எண்ணெயில் வடை போட்டாலும் இதே கதைதான். அதிரசம் உதிராமலிருக்க மைதா சேர்ப்பவர்களும் உண்டு.

பால் ஆகாதவர் என்றால் எந்த வகையில் ஆகாது என்று முதலில் கேளுங்கள். பால் சர்க்கரை செரிக்காதவர்களில் பலருக்கு நெய் ஒத்துக்கொள்ளும், கொஞ்சம் மோரும் தாங்கும். பால் புரத ஒவ்வாமை உள்ளவருக்கு நெய்யில் மிஞ்சியிருக்கும் துளிப் புரதமே போதும், தடித்துவிடும். இருவரையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டு, "நெய்தானே, ஒன்றும் செய்யாது" என்று ஊற்றுவதுதான் பந்தியில் நடக்கிற தவறு. முந்திரி ஆகாதவர்களுக்கு அது பொங்கலில் கண்ணுக்குத் தெரியும், குருமாவில் அரைத்துவிட்டால் தெரியாது. வேர்க்கடலை ஒவ்வாமைக்காரர்கள் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயையும் விசாரிக்க வேண்டும். அதில் கடலைப் புரதம் தங்கியிருக்கும்.

சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தவர் பாடுதான் பெரும்பாடு. சோற்றைக் குறைத்துச் சுண்டல், பழம், கீரை சாப்பிடச் சொல்லும் அறிவுரை சர்க்கரைக்குப் பொருந்தும். அவற்றில் பலவற்றில் பொட்டாசியம் என்ற தாது உப்பு அதிகம் என்பதால், இரத்தத்தில் அது ஏறிய சிறுநீரக நோயாளிக்கு அந்த அறிவுரையே வினையாகும். பொதுவாக இவர்களுக்குத் தோதானவை முட்டைக்கோஸ், சுரைக்காய், புடலங்காய். பிற காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் குறையும். வடித்த நீரை ரசத்தில் ஊற்றிவிடக் கூடாது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். நல்லெண்ணத்தோடு அதை வாங்கி வைக்கும் வீடுகள் கவனிக்கவும். வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை எத்தனை முறை சொன்னாலும் பாயசத்தின்போது மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அளவு எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவரே சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் இலையில் உட்கார்ந்தபின் பேசிப் பயனில்லை. விருந்தாளி இரண்டு நாள் முன்பே சமையல் மாஸ்டரிடம் பேச வேண்டும். "கோதுமை இல்லையே?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். எந்தப் பெருங்காயம், சாம்பார் பொடி வீட்டில் அரைத்ததா, பாக்கெட்டா, குருமாவுக்கு என்ன அரைக்கிறீர்கள், வடை எந்த எண்ணெயில் என்று பொருள் பொருளாகக் கேட்டால் உண்மை தெரியும். மாஸ்டருக்கும் இதில் பெரிய வேலையில்லை: வெந்த பருப்பையும் காயையும் பொடி, பெருங்காயம், நெய் சேருமுன் ஒரு தூக்கில் எடுத்து வைத்து, சுத்தமான வாணலியில் நல்லெண்ணெய், கடுகு, சீரகம், கறிவேப்பிலை மட்டும் தாளித்தால் போதும்.

அந்தத் தூக்குக்குத் தனிக் கரண்டி போட்டு, பந்தி தொடங்கும்போதே பரிமாறச் சொல்லுங்கள். "எல்லோருக்கும் போட்டுவிட்டுத் தருகிறோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்குள் சாம்பார்க் கரண்டி எல்லா வாளியிலும் விழுந்து எழுந்திருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்