போகாத பயணத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய போக்குவரத்துத் திட்டமிடல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் துறையின் கணக்கெடுப்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்து, முந்தைய நாள் யார் எங்கே போனோம், எதில் போனோம், எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அவர்மீது எனக்குக் குறையில்லை. குறை அவர் கையிலிருந்த படிவத்தின் மீதுதான்.

என் தாயாரின் பெயருக்கு நேரே ‘பயணம் இல்லை’ என்று எழுதினார். அது பொய்யும் அல்ல. இடுப்பெலும்பு முறிந்து தேறிவரும் அவரை வாரத்தில் மூன்று நாள் இயன்முறை சிகிச்சைக்கு அழைத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள்தான் அழைத்துப்போகிறேன். சிகிச்சை அரை மணி நேரம். இரண்டு பேருந்து மாறிப் போய்வர, நிறுத்தத்தில் நிற்பதையும் சேர்த்து, மூன்று மணி நேரம். அதற்கு நான் அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டும். வாடகைக் கார் பிடித்தால் நேரம் பாதியாகும். ஆனால் மாதத்தின் பிற்பாதியில் கையில் மிஞ்சுவது அதற்குக் காணாது. பணம் இருக்கும் வாரத்தில் விடுப்பு கிடைப்பதில்லை, விடுப்பு கிடைக்கும் வாரத்தில் பணம் இருப்பதில்லை. போக வேண்டியிருந்தும் போகாத நாள்களை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்டேன். அதற்குக் கட்டம் இல்லை என்றார்.

ஆக, தங்கள் கணக்கில் என் தாயாருக்குப் பயணத் தேவையே கிடையாது.

தாங்கள் அறியாத எதையும் நான் சொல்லவில்லை. நேரத்துக்கும் பணத்தைப் போலவே விலை உண்டு என்று பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1965இல் எழுதினார். ஒருவரின் ஒரு நாளை அவருடைய உடல் வலிமையும், பிறரோடு ஒத்துப்போக வேண்டிய நேரமும், நிறுவனங்கள் திறந்து மூடும் விதிகளும் வேலிபோட்டு அடைக்கின்றன என்று புவியியல் அறிஞர் டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1970இல் விளக்கினார். 1970களில் போக்குவரத்து ஆய்வாளர் யாகோவ் ஸஹாவி இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவர் எத்தனை முறை பயணம் போனார் என்பதிலிருந்து தொடங்காமல், பயணத்துக்கென நாளொன்றுக்கு அவரால் எவ்வளவு நேரமும் பணமும் ஒதுக்க முடியும் என்பதிலிருந்தே தேவையைக் கணிக்கலாம் என்று காட்டினார். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. படிவம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நேரச் செலவையும் பணச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேட்காததன் விளைவு திட்ட அறிக்கைகளில் தெரிகிறது. சாலையை அகலப்படுத்தினால் இத்தனை நிமிடம் மிச்சம், அதன் மதிப்பு இவ்வளவு என்று நன்மை கணக்கிடப்படுகிறது. மக்கள் பயணத்துக்கு ஒதுக்கும் நேரம் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டி நிற்கிறது என்பது ஸஹாவியின் கண்டுபிடிப்பு. அது சரியென்றால், மிச்சமாகும் நிமிடங்களில் பெரும்பகுதி இன்னும் தொலைவான பயணங்களுக்கே போய்விடும், சாலையும் மறுபடி நிறைந்துவிடும். போதாக்குறைக்கு, மிச்சமான நிமிடத்தின் விலையைப் பல கணக்குகளில் ஊதியத்தை வைத்தே நிர்ணயிக்கிறார்கள். ஊதியமே இல்லாத முதியவர்கள் நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் நாட்டுக்குப் பெரிய நட்டமில்லை என்பது, உண்மையிலேயே, சிக்கனமான கண்டுபிடிப்புதான்.

மன்னிக்கவும், கோபத்தில் சொல்லிவிட்டேன். எல்லா வீடுகளிலும் எல்லாவற்றையும் கேட்பது இயலாது என்பதை அறிவேன். கணக்கெடுக்கும் வீடுகளில் ஒரு பகுதியிலாவது ஒரு வாரத்துக்கு நேரக் குறிப்பேடு கொடுத்து, பயணத்துக்குச் செலவான பணத்தையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேளுங்கள்: போக விரும்பிப் போகாமல் விட்ட பயணம் எது, தடுத்தது நேரமா, பணமா? இவ்விரண்டையும் அடுத்த படிவத்தில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சேர்த்த பின் கணக்கெடுப்பாளரை மறுபடியும் அனுப்பிவைக்கலாம். சிகிச்சை நாளாகப் பார்த்து வந்தாலும் குற்றமில்லை. பெரும்பாலும் அம்மா வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் படிவத்தில் ‘வீடு – வேலை – வீடு’ என்று பதிவான ஒருவர்