வால்பாறைப் பிள்ளைகளுக்கு 36 வனவிலங்கு அட்டைகள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டப் பகுதிப் பள்ளிகளில் படிக்கும் 500 பிள்ளைகளுக்கு, ஆளுக்கு 36 அட்டைகள் சேர்க்கும்படி விலங்கு அட்டைத் தொகுப்பு ஒன்றை அச்சிடுகிறோம். சிங்கவால் குரங்கு, வரையாடு, செந்நாய், அழுங்கு, காட்டுமாடு என எல்லாமே ஆனைமலையில் வாழ்பவை.

கடையில் விற்கும் படங்கள் பலவற்றில் 'சிறுத்தை' என்று போட்டு சிவிங்கிப்புலியைக் காட்டியிருக்கிறார்கள். கண்ணோரத்திலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கினால் அது சிவிங்கிப்புலி. நம் மலைச் சிறுத்தைக்கு அந்தக் கோடு கிடையாது. உடம்பில் பூப்போல வளையப் புள்ளிகள் இருக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீட்டு வாசல்வரை சிறுத்தை வந்துபோகும் ஊரில் பிள்ளைகள் இதைத் தப்பாகப் படிக்கக் கூடாது. அதனால்தான் 36 படங்களையும் ஓவியரைக் கொண்டு புதிதாக வரையச் சொல்லியிருக்கிறோம்.

அட்டை 63 × 88 மி.மீ. பின்பக்க ஓரத்தில் 8 செ.மீ. அளவுகோல் இருக்கும், மேலும் கீழும் 4 மி.மீ. இடம் விட்டால் அது சரியாகப் பொருந்தும். ஈர மண்ணில் தடம் கண்டால் பக்கத்தில் அட்டையை வைத்து அளக்கலாம். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடக்கும், தடத்தில் நகக்குறி விழாது. செந்நாய்த் தடத்தில் விழும். அச்சகத்தில் 'தாளுக்குப் பொருத்து' என்று கொடுத்துவிட்டால் அளவுகோல் சுருங்கி அளவே பொய்யாகிவிடும். ஆகவே முதல் தாளை ஸ்கேல் வைத்துப் பார்த்த பிறகே மீதியை ஓட்டச் சொல்வோம்.

தாள் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு. வெட்டுக்காகச் சுற்றிலும் 3 மி.மீ. விட்டாலும் 12 × 18 அங்குலத் தாளில் 18 அட்டைகள் அடங்கும். ஒரு தொகுப்புக்கு இரண்டே தாள். லேமினேஷன் இரு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் மறுபக்கம் வால்பாறை ஈரத்தை உறிஞ்சி விரியும், அட்டை சுருண்டுவிடும். செலவைக் குறைக்க இதில் கை வைக்க மாட்டோம்.

ஆறு அட்டை கொண்ட உறைகளாக வாரம் ஒன்று வீதம் ஆறு வாரம் கொடுப்போம். 'அரிய அட்டை' என்று எதுவும் கிடையாது. எண்ணிக்கை பார்க்காமல் கலந்துகட்டிக் கொடுத்தால், தனியாகச் சேர்க்கும் பிள்ளைக்கு 36 விலங்குகளும் சேர சராசரியாக 150 அட்டைகள் தேவைப்படும். அதனால் ஒரு பள்ளிக்குப் போகும் மொத்தத்தில் ஒவ்வொரு விலங்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கும். மாற்றிக்கொண்டாலே எல்லோருக்கும் நிறைந்துவிடும்.

ஒரு தொகுப்புக்கு அச்சு ரூ.70, லேமினேஷன் ரூ.24, வெட்டி முனை மழுக்க ரூ.14, உறைகள் ரூ.12, ஆக ரூ.120. தொலைந்ததற்கு ஈடாக 25 தொகுப்புகள் சேர்த்து 525-க்கு ரூ.63,000. ஓவியருக்குப் படத்துக்கு ரூ.1,000 வீதம் ரூ.36,000. மொத்தம் ரூ.99,000.

ரூ.120 தந்தால் ஒரு பிள்ளைக்கு முழுத் தொகுப்பு, ரூ.1,000 தந்தால் ஒரு விலங்கின் ஓவியம். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் உறையைக் கொடுக்க வேண்டும் என்பதால், ஏப்ரல் முடிவதற்குள் குழுப் பொருளாளரிடம் சேர்ப்பித்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
விலங்கு அட்டைக் குழுவினர்