அடிபம்பும் அரைவை மில்லும்

அன்பு நண்பா,

நலம். நீயும் மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. கட்டை அவிழ்த்ததும் முதலில் தொழுவத்துக்குப் போய் மாட்டைப் பார்த்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.

பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்குக் காரணம் தண்ணீர். ஜாம்பியாவின் வடக்கே, இந்தக் கசாமா பக்கத்தில் மழை ஏப்ரலோடு முடிந்துவிடும், இனி நவம்பரில்தான். ஜூன் என்றால் குளிர்காலம். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் என்பதால் காலையில் எங்கள் மிஷன் கோயில் மணி அடிக்க ஸ்வெட்டர் இல்லாமல் போக முடியாது. இந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கும் மருந்தகத்துக்கும் நடுவில் உள்ள அடிபம்பு படுத்துவிட்டது. அறுபது எழுபது அடி அடித்தால் ஒரு வாளி. போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது, உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டது.

நம் பஞ்சாயத்து முக்கில் கைப்பிடியில் தொங்கி விளையாடினோமே, அதே இந்தியா மார்க் 2 பம்புதான் இங்கேயும். ஜாம்பியாவில் பெரும்பாலான ஊர்களில் இதைத்தான் பார்க்கலாம். வாஷரை மாற்ற வேண்டுமென்றால் மொத்தக் குழாயையும் வெளியே எடுத்தாக வேண்டும். எங்களுடையதில் 3 மீட்டர் குழாய் 12. கிளாம்ப் மாட்டி ஒன்றைத் தூக்குவது, மரையைக் கழற்றுவது, உள்ளிருக்கும் கம்பியைக் கழற்றுவது, அப்புறம் அடுத்தது. ஆறு பேர் மாறி மாறிப் பிடித்தோம். வேலையை நடத்தியவர் ஊர்த் தண்ணீர்க் குழுவில் இருக்கும் ஓர் அம்மா. இடுப்பில் சித்தெங்கே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குழாய்மேல் கையை வைத்தே மரை நேராக ஏறுகிறதா கோணலாக ஏறுகிறதா என்று சொல்லிவிடுவார். நான் ஸ்பானர் பிடித்தேன், அவர் சொன்னபடி செய்தேன்.

கடைசியில் சிலிண்டரைப் பிரித்து வாஷரை என் உள்ளங்கையில் வைத்தார். ஓரமெல்லாம் வெற்றிலைபோல் மெலிந்து, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. இதனால்தான் இரண்டு வாரமாகப் பெண்பிள்ளைகள் விடியுமுன் ஓடைக்குப் போய், தலையில் வாளியோடு வந்து, முதல் பாடத்தில் தூங்கி விழுந்துகொண்டிருந்தார்கள்.

கீழே இருந்த இரண்டு குழாயில் துரு ஓட்டை போட்டிருந்தது. இங்கே நிலத்தடி நீரில் அமிலத்தன்மை உண்டு, துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புக் குழாயை அரித்துவிடும். அப்புறம் தண்ணீர் செந்நிறமாக வரும், வெள்ளைத் துணியில் கறை ஏறும். ஜனங்களும் பம்பை விட்டுவிட்டுப் பழையபடி ஓடைக்கே போய்விடுவார்கள். வாஷரைப் புதிதாகப் போட்டு, அந்த இரண்டு குழாயையும் மாற்றிவிட்டோம். மற்றவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக்கப் பணம் சேர்க்கிறோம்.

இந்தப் பம்பின் கதை உனக்குத் தெரியுமா? மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் மிஷன்காரர்கள் கிணறு போட்டுக் கொடுத்தபோது, வார்ப்பிரும்புப் பம்புகள் உடைந்துகொண்டே இருந்ததால் எஃகில் செய்து பார்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் மார்க் 2. 1970களில் யுனிசெஃப் உதவியோடு கோயம்புத்தூர்ப் பக்கம் ஓட்டிச் சோதித்து, மெட்ராஸில் பெருமளவில் தயாரித்தார்கள். இதைச் சொன்னபோது அந்த அம்மா கைப்பிடியைத் தட்டிக்கொடுத்து, “அப்படியானால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் சபையில் குருவாகாமல், துறவியான பிரதராகவே நின்றுவிட்டதில் அம்மாவுக்குக் கடைசிவரை வருத்தம் உண்டு, உனக்குத் தெரியும். பூசை வைக்கவில்லையே என்று. ஆனால் அன்று முதல் வாளி நிரம்பியபோது பெண்கள் கைதட்டிப் பாடினார்கள் பார், அந்த இடத்தில் நின்றதைவிடப் பெரிதாக எதுவும் எனக்கு வேண்டியதில்லை.

மற்றபடி நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். துணி உலர்த்துவதுகூட இங்கே ஒரு வேலை. பூட்சி ஈ என்று ஒன்று ஈரத்துணியில் முட்டையிடும். போட்டுக்கொண்டால் புழு தோலுக்குள் போய்க் கட்டியாகும். வாசலின் தடவி மூச்சை அடைத்து, பிதுக்கி எடுக்க வேண்டும். அதனால் பனியன் முதல் கைக்குட்டை வரை எல்லாவற்றுக்கும் கரி இஸ்திரிப்பெட்டி போட்டாக வேண்டும். மடிப்பிலும் தையலிலும் சூடு படவேண்டும் என்பதுதான் முக்கியம். சாப்பாடு உப்வாலி. மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான், வெள்ளையாக இருக்கும். கூடவே சர்க்கரைவள்ளிக் கீரையை வேர்க்கடலை மாவில் வேகவைத்துத் தருவார்கள். நம் வீட்டுக் கேப்பைக்களியும் கீரையும் சாப்பிட்ட கைக்கு இது அந்நியமாகவே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காணிக்கை நேரத்தில் கோழி, கடலை, சோளம் எல்லாம் ஆடிப் பாடிக்கொண்டு பீடத்துக்கு வரும். திங்கட்கிழமை அந்தக் கோழிகளுக்குக் கூடு கட்டுவது என் பொறுப்பு.

சரி, உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. அறுவடை முடிந்து அரைவை மில்லில் கூட்டம். பெண்கள் இரண்டு மணிநேரம் நடந்து சோளம் கொண்டுவருகிறார்கள். 2024-ல் மழை பொய்த்து, கரிபா அணையில் தண்ணீர் இறங்கி, நாடு முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். இப்போது வருகிற கரண்டிலும் சில நேரம் மூன்று பேஸில் ஒரு பேஸ் போய்விடுகிறது; மோட்டார் உறுமிக்கொண்டே ஓடிச் சூடாகிறது. ஒரு தடவை உள்ளே கம்பிச்சுருள் புகைந்து, கசாமாவுக்குக் கொண்டுபோய்ப் புதிதாகக் கம்பி சுற்றி வாங்கி வந்தோம். உன் கிணற்று மோட்டாருக்கு, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் மாட்டினாயே, அது இதற்கு ஆகுமா? மோட்டார் 15 ஹெச்பி, 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகும் என்றால் ஒன்று வாங்கி, எப்படி இணைப்பது என்று உன் கையாலேயே படம் போட்டு வை. எங்கள் சபைச் சாமியார் ஒருவர் ஆகஸ்டில் ஊரிலிருந்து திரும்புகிறார், அவரிடம் கொடுத்துவிடு. பில்லையும் சேர்த்து அனுப்பு, இந்தத் தடவை பணம் வேண்டாம் என்று சொல்லாதே.

அன்புடன்,
உன் நண்பன்