சிப்பி மூட்டைக்கு ஊரும் தேதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து குமரி மாவட்டக் கடற்கரையில் சிப்பி எடுப்பு சூடுபிடிக்கும் நேரம் இது. மீன் வாங்கும்போது செவுளைப் புரட்டிப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம். சிப்பிக்கு அது போதாது. உயிரோடு, வாயை இறுக மூடிக்கொண்டு, நல்ல கடல் மணத்தோடு இருக்கும் சிப்பியும் ஆளைக் கொல்லக்கூடும். அதை எந்தத் தண்ணீரில், எந்த நாளில் எடுத்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. உள்ளூர்ச் சந்தையிலும் இதற்குப் பதில் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

1997 செப்டம்பரில் நம் மாவட்ட எல்லைக்கு அப்பால் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 1981-இல் தமிழ்நாட்டிலேயே மட்டி சாப்பிட்டு 3 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் காரணம் கெட்டுப்போன சதை அல்ல. சில வகை நுண்பாசிகள் கடலில் பெருகும்போது, அவற்றிலுள்ள சாக்சிடாக்சின் என்னும் நச்சு, தண்ணீரை வடிகட்டி இரை தேடும் சிப்பி, மட்டி, ஆளியின் சதையில் சேர்ந்துவிடுகிறது. கடல் சிவந்தால்தான் ஆபத்து என்று பலர் நம்புகிறார்கள். நீர் தெளிவாகத் தெரியும்போதே நச்சு வரம்பைத் தாண்டியிருக்கலாம். வேகவைத்தாலும் பொரித்தாலும் ஐஸில் வைத்தாலும் அது போகாது. புளியோ எலுமிச்சையோ முறிக்கும் என்பதும் தவறு. அமிலத்தில் இந்த நச்சு நிலையாகவே நிற்கும். வேகவைத்த தண்ணீரில் ஓரளவு இறங்கும் என்பதால், அந்தச் சாற்றைக் குழம்பில் ஊற்றுவது கூடுதல் ஆபத்து.

எனவே சமையலறையில் செய்ய முடியாததைக் கடலில்தான் செய்தாக வேண்டும். ஒரு கிலோ சதையில் 0.8 மில்லிகிராம் என்பது சாக்சிடாக்சினுக்கு பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த உச்சவரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் எடுப்புக் காலத்தில் வாராவாரம் மாதிரி எடுப்பது பொதுவிதி. வரம்பு மீறினால் அந்தப் பகுதியை மூடுவார்கள். குறைந்தது 48 மணி நேர இடைவெளியில் அடுத்தடுத்து இரண்டு சோதனைகள் வரம்புக்குள் வந்தால்தான் திறப்பார்கள். ஒரே பாறையில் எடுத்த சிப்பிகளிலும் நச்சின் அளவு ஒன்றுபோல் இருக்காது; ஒரு நல்ல முடிவை மட்டும் நம்பித் திறப்பது சரியாகாது.

பிலிப்பைன்ஸ் மீன்வளத்துறை செய்வது நமக்கு இன்னும் பொருந்தும். அங்கே 100 கிராமுக்கு 60 மைக்ரோகிராம்தான், அதாவது கிலோவுக்கு 0.6 மில்லிகிராம்தான் வரம்பு. எந்த விரிகுடாவில் சிப்பி எடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லி அறிவிப்பார்கள். அதே அறிவிப்பில், அங்குள்ள மீன், கணவாய், இறால், நண்டைக் குடல் நீக்கி நன்றாகக் கழுவிச் சமைத்து உண்ணலாம் என்றும் சொல்வார்கள். இந்த ஒரு வரியால் மற்ற மீனவர்களின் பிழைப்பு தப்புகிறது.

நச்சு ஒரு பக்கம், சாக்கடை மறுபக்கம். ஐரோப்பிய விதிப்படி 100 கிராம் சதையிலும் ஓட்டுக்குள் இருக்கும் நீரிலும் சேர்த்து, மலக்கழிவைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியாவின் எண்ணிக்கை 230-க்குள் இருந்தால் ஏ வகுப்பு, நேரடியாக விற்கலாம். 4,600 வரை பி வகுப்பு. சுத்திகரிக்காமல் விற்கக் கூடாது. 46,000 வரை சி வகுப்பு; தூய நீர்ப்பகுதிக்கு மாற்றிக் குறைந்தது 2 மாதம் விட வேண்டும், அல்லது அங்கீகரித்த முறையில் வேகவைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எடுக்கவே கூடாது. கனமழைக்குப் பின் கழிமுகங்களில் இந்த எண்ணிக்கை சட்டென ஏறும். அந்த நாட்களில் மட்டி வாருவதை நிறுத்துவதே முறை.

சுத்திகரிப்புத் தொட்டி வைத்தால் போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புற ஊதா ஒளியில் கிருமி நீக்கிய கடல்நீரை ஓடவிட்டு, பிரிட்டனில் 42 மணி நேரம் வைக்கிறார்கள். நீரின் உப்பு, எடுத்த இடத்து உப்பைவிட வெகுவாக மாறினால் ஓடு திறக்காது, உள்ளிருப்பதும் வெளியேறாது. கூடையில் அழுத்தி அடுக்கினாலும் இதே கதிதான். பாதியில் புதுச் சரக்கைச் சேர்த்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீரை வடிக்காமல் கூடையைத் தூக்கினால் அடியில் தங்கிய கழிவு கலங்கித் திரும்ப உள்ளே போகும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் பாக்டீரியாதான் குறையும். மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் எளிதில் போகாது, நுண்பாசி நச்சுக்கு இதை நம்பவே கூடாது. எண்ணூர் போல சாம்பலும் ஆலைக்கழிவும் சேரும் இடத்தில் சதையில் ஏறிய உலோகமும் இரண்டு நாள் தொட்டியில் இறங்காது.

மூட்டைக்கு ஒரு சீட்டு வேண்டும். நனைந்தாலும் கிழியாத அட்டையில் எடுத்தவரின் பதிவு எண், இடம், தேதி, வகை, அளவு எழுதினால் போதும். அமெரிக்காவில் அந்த மூட்டைச் சரக்கு தீர்ந்த பிறகும் உணவகங்கள் சீட்டை 90 நாள் வைத்திருக்க வேண்டும். ஹெபடைடிஸ் ஏ வெளிப்பட 50 நாள் வரை ஆகலாம் என்பதால், அதற்குமுன் சீட்டைக் கிழித்துவிட்டால் நோய் வந்த இடத்தைத் தேட வழியிருக்காது.

கட்டுப்பாடு போட்டால் தொழிலாளர்கள் ஏற்பார்களா என்ற தயக்கம் வேண்டாம். கொல்லம் அஷ்டமுடிக் காயலில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுப்பதில்லை, வலைக்கண் 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்ற விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. 2014-இல் அந்த மட்டித் தொழிலுக்கு, வளம் குன்றாமல் மீன்பிடிப்பதற்கான பன்னாட்டுச் சான்றான எம்.எஸ்.சி. சான்று கிடைத்தது. சோதனைக்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை: தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும், கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கின்றன. மீன்வளத்துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து சிப்பிக் காலம் முழுவதும் வாரம் ஒருமுறை மாதிரி எடுத்து, முடிவை இறங்குதளங்களில் பலகையில் எழுத வேண்டும். மூடும் நாட்களுக்கு, மீன்பிடித் தடைக்காலத்தில் தருவதுபோல, சிப்பி எடுப்பவர்களுக்கும் உதவித்தொகை வேண்டும். இல்லையென்றால் பசிக்காக மூடிய பாறையிலும் மூழ்கத்தான் செய்வார்கள்.

கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிப்பி சாப்பிட்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு, விரல்நுனி மரத்தால் அதைச் சாதாரண வயிற்றுக் கோளாறாக எண்ணி வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். மாற்று மருந்து இல்லை; மூச்சுத் தசை செயலிழந்தால் செயற்கைச் சுவாசம்தான் காப்பாற்றும். ஆகவே அந்த வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். வீட்டில் மிஞ்சிய சிப்பியைக் கொட்டிவிடாமல் உறையவைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நச்சை உறுதிசெய்ய அந்த மாதிரி தேவைப்படும்.

தங்கள் வாசகர்,
நாகர்கோவில்.